தங்கச்சி ஊட்டு வரப்பு

எங்கள் பக்கத்தில் ஒருவர் வயலை இன்னொருவர் பார்ப்பது புதிதல்ல. வாயில் வேப்பங்குச்சியோடு வரப்பில் நின்று பக்கத்து வயலை ஒரு நோட்டம் விட்டு, "நெல்லு நட்டானா கோரை நட்டானா, ஒன்னும் தெரியலையே" என்று துப்பிவிட்டு வந்தால்தான் பலருக்குக் காலைக் காபியே இறங்கும். அந்தச் சேவையை இலவசமாகத்தான் செய்துவந்தோம். அதற்குச் 'சோதனைக் குழு' என்று ஒரு பெயரும் வைத்து, நாற்காலி போட்டு உட்காரவும் வைத்தபோதுதான் வினை பிடித்தது.

நான் பிறந்ததிலிருந்து விவசாயி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வாலிபத்தையெல்லாம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் கழித்தவன். திருச்செங்கோட்டு ரிக் ஒன்றில் ஏறி ஆந்திரா, ஒரிசா, சத்தீஸ்கர் என்று பாதி இந்தியாவுக்கு ஓட்டை போட்டேன். காது மந்தமாகி, முதுகும் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஊர் திரும்பி, எடப்பாடிக்குத் தெற்கே வாய்க்கால் தண்ணீர் பாயும் எங்கள் வயலில் இறங்கினேன். இறங்கியவன் சும்மா இருந்திருக்கலாம். யூரியா போடமாட்டேன், மருந்தடிக்கமாட்டேன், தூயமல்லி நெல் நட்டு இயற்கை முறையில் விளைவிப்பேன் என்று கிளம்பினேன். பூமி முழுக்கத் துளை போட்டவன் பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டது, பிக்பாக்கெட்காரன் பஸ்ஸில் எழுந்து நின்று "அவங்கவங்க பர்சைப் பத்திரமாப் பாத்துக்குங்க" என்று அறிவித்த மாதிரி இருந்தது.

மாட்டுச் சாணமும் கோமியமும் வெல்லமும் போட்டு டிரம்மில் ஊறவைத்துக் கலக்குவேன். கலக்கிவிட்டு வந்தால் என் மனைவி வாசலிலேயே மறித்துக்கொள்வாள். "ஏனுங்க, குளிச்சுப்போட்டு உள்ள வாரீங்களா, இல்ல டிரம்முக்குள்ளயே பாயப் போட்டுக் குடுக்கட்டுமா?" முதல் வருட விளைச்சலைப் பார்த்து எலிகளே பரிதாபப்பட்டுப் பக்கத்து வயலுக்குக் குடிபோய்விட்டன. ஊருக்கு நான் நல்ல பொழுதுபோக்காக இருந்தேன். டீக்கடையில் என்னைக் கண்டால், "வாங்க சாமி, சாணி டீ போடட்டுங்களா?" என்பார்கள். "சர்க்கரை கம்மியாப் போடுங்க" என்று நானும் சொல்லிக்கொள்வேன். சிரிக்கிறவனை யாரும் அதிகம் அடிப்பதில்லை என்று ரிக்கில் கற்றுக்கொண்டிருந்தேன்.

என்னை நம்பி இதில் இறங்கிய முதல் ஆள் என் தங்கச்சி மாப்பிள்ளை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர். அதிகம் பேசாத மனுசன். தறி ஓட்டின காலத்தில் சத்தத்தில் பேசிப் பேசி அலுத்துப்போய், மிச்ச வாழ்க்கைக்கும் சேர்த்து வாயை மூடிக்கொண்டவர் மாதிரி இருப்பார். "மச்சா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு வாக்கியம் சொன்னார். உலகத்தில் என்னைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். என் மனைவி இன்றுவரை சொன்னதில்லை. அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு நான் ஒரே தாய்மாமன். ஊரில் எனக்கு இருந்த ஒரே பதவியும் அதுதான். அவளுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அவள் வயதுக்கு வந்தால் முதல் சேதி எனக்குத்தான் வரவேண்டும். சீர்த்தட்டோடு நான் போய் மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் அந்தச் சடங்கு நகராது.

இரண்டொரு வருடத்தில் எங்கள் வாய்க்கால் பாசனத்தில் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அப்போதுதான் சேலத்திலிருந்து ஓர் ஆபீசரம்மா வந்தார். அரிசி ஆலையின் களத்தில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். வெளியே இருந்து ஆள் வந்து சோதித்துச் சான்று கொடுத்தால் செலவு அதிகம். அதற்குப் பதிலாக நாங்களே குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் பார்த்து, மருந்தடிக்கவில்லை என்று உறுதி சொன்னால் போதும். எல்லார் நெல்லும் ஒரே குவியலாக அரைபட்டுக் குழுவின் பெயரில் கோயமுத்தூர்க் கடைக்குப் போகும்.

"ஆனா ஒண்ணு," என்றார் அந்தம்மா. "ஒருத்தர் மருந்தடிச்சாலும் குரூப்புக்கே பேர் போயிடும். வரப்புல அடிச்சாக்கூட அடிச்சதுதான். பக்கத்துல இருக்கறவங்கதான் பாத்துச் சொல்லணும்."

அப்போது கடைமடைக்காரர் எழுந்தார். வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது அவர் நிலம். எல்லாரும் குடித்து மிச்சம் வைத்ததில் விளைவிக்கிற மனுசன். நல்ல விலை கிடைத்தால் ஒழிய அவருக்கு விவசாயம் இல்லை.

"அம்மிணி, பக்கத்து வயக்காரன்னா இங்க பங்காளிதானுங்க. என்ர வயல்ல மல்லிப்பூப் பூத்தாலும் மருந்து நாத்தம் அடிக்குதும்பானுங்க என்ர பங்காளி. அவன் வந்து பாத்தான்னா ஒருத்தனுக்கும் சர்ட்டிபிகேட் வராது."

"அப்ப யாரு பாக்கறது?"

"மாமன் மச்சான் பாக்கட்டுமுங்."

எல்லாரும் கைதட்டினோம். நான் பலமாகவே தட்டினேன். அடடா, என்ன அறிவு! பங்காளிகளின் வன்மத்தை ஒரே வார்த்தையில் ஒழித்துக்கட்டி விட்டோம். ஆபீசரம்மாவுக்கு எங்கள் ஊர் முறைகள் தெரியாது. "ஓகே, நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு அயோத்தியாப்பட்டணம் பக்கம் இன்னொரு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பங்காளி வயலில் குற்றம் கண்டுபிடிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைப் போலவே சம்பந்தி வயலில் குற்றம் கண்டுபிடிக்காமல் இருக்கவும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் கொடுத்த வீட்டில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும், "சாம்பார் அருமைங்க, யாரு வெச்சது?" என்று கேட்கிற ஆட்கள் நாங்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் களையும் மருந்தும் பார்க்க அனுப்பினோம்.

சோதனை என்பது இப்படி நடந்தது. சோதனைக்கு வருகிறோம் என்று முதல் நாளே போன் பண்ணிச் சொல்வோம். சொல்லாமல் போனால் மரியாதையில்லை. போனதும் காபி, முறுக்கு. அப்புறம் குசலம். அப்புறம் சாப்பாடு. கறி எடுக்காத வீட்டுக்காரர் கறி எடுக்காததற்கு வருத்தப்படுவார். கை கழுவி, வெற்றிலை போட்டு, வெயில் தாழ்ந்ததும், "ஒருக்கா வயலப் பாத்துப்போட்டு வந்தர்லாமுங்களா?" என்று யாராவது கேட்பார்கள். ஏப்பத்தோடு வரப்பின் தலைமாட்டில் நின்று பார்ப்போம். பச்சையாக இருக்கும். "சுத்தமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். இரண்டு போகம் எல்லா வயலும் சுத்தம். கோயமுத்தூரில் எங்கள் அரிசிக்கு நல்ல பெயர். நான் கூட்டங்களில் பேசப் போனேன். கொளத்தூர், சங்ககிரி, அம்மாபேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். நான் பேசினால் ஜனம் சிரிக்கும். கடைசியில் மட்டும் கொஞ்சம் உருக்கமாக, "நம்ம மண்ணு, நம்ம சோறு" என்று முடிப்பேன். நானே கண் கலங்கிவிடுவேன். பிழைக்கத் தெரிந்தவன் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த நேரத்தில் நிஜமாகவே கலங்கத்தான் செய்தது.

மேடையில் ஒன்றை மட்டும் நான் சொல்வதில்லை. மருந்தடிக்காத வயலில் புல் எங்கள் பேச்சைக் கேட்காது. களை எடுக்கப் பெண்கள் வேண்டும். அவர்களோ விடிகிற நேரத்தில் மில் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? வேனில் உட்கார்ந்துகொண்டு போகலாம், மில்லில் நின்றுகொண்டு வேலை செய்யலாம். எங்கள் வயலில் நாள் முழுக்கக் குனிய வேண்டும். வேனில் போகாத பெண்கள் யாரென்று பார்த்தால் அவரவர் வீட்டுப் பெண்கள்தான். நட்டது முதல் அறுப்பது வரை வரப்புப் புல்லை அரிவாளால் அறுத்து அறுத்துத் தள்ளுவது அவர்கள் பாடு. குழுவில் ஆண்கள் பேர்தான் இருந்தது. முதுகு அவர்களுடையது.

மூன்றாவது போகத்தில் என் தங்கச்சி ஊட்டு வயலைச் சோதிக்க நானும் கடைமடைக்காரரும் போனோம். அவருக்கும் என் மாப்பிள்ளை ஏதோ ஒரு வழியில் மருமகன் முறை. எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் ஏதாவது ஒரு முறைதான். அன்று சமையல் ஆக நேரமாகும் என்று தெரிந்ததால், சாப்பாட்டுக்கு முன்னாலேயே வயலுக்குப் போய்விட்டோம். எங்கள் குழு வரலாற்றில் வெறும் வயிற்றோடு நடந்த முதல் சோதனை அதுதான்.

நெல் நன்றாக இருந்தது. வரப்புதான் நன்றாக இல்லை. புல் நின்ற இடத்திலேயே பழுத்துக் கருகிக் கிடந்தது. வெயிலில் காய்ந்த புல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காயும். இது வரப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கோடு கிழித்த மாதிரி. ஓரத்து நெற்பயிர் நுனியிலும் மஞ்சள் ஏறியிருந்தது. யாரும் சொல்லவேண்டியதில்லை. களை மருந்து அடித்தால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? பல வருடம் அடித்தவர்கள்தானே!

"வெயிலு மச்சா," என்றார் மாப்பிள்ளை. "இந்த வருசம் வெயிலு தாங்கல."

"வெயிலு அளவெடுத்தாப்பல அடிக்குமுங்களா மாப்ள? வரப்போட நின்னுக்கிருச்சே."

நான் கடைமடைக்காரரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொக்கு நெறையா வந்திருக்குதுங்க," என்றார் அவர். "மருந்தடிச்ச வயலுக்குக் கொக்கு வராது பாருங்க."

அங்கே கொக்கே இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். கோழிக்குழம்பு. எப்போதும் பக்கத்தில் நின்று தட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும் தங்கச்சி அன்று சமையல்கட்டு நிலைப்படியில் சாய்ந்தபடி நின்றிருந்தாள். பரிமாறியது மகள்தான். "மாமா, இன்னுங் கொஞ்சம்," "மாமா, ஈரல் போடட்டுங்களா?" என்று அந்தப் பிள்ளை ஓடியாடியது. பெரிய மனுசி மாதிரிப் பரிமாறுகிறாளே என்று நான் கிண்டல் பண்ணிக்கொண்டே சாப்பிட்டேன். தங்கச்சி ஏன் நிலைப்படியில் நிற்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

வண்டியை எடுக்கும்போது மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மாப்ள, ஒன்னு பண்ணுங்க. இந்தப் போகம் உங்க நெல்லக் குவியல்ல சேக்க வேண்டாம். புகையான் பூச்சி உளுந்திருச்சு, வெளைச்சல் கம்மி, ஊட்டுக்கே வெச்சுக்கிட்டோம்னு சொல்லிப்போடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. கோயமுத்தூர்க்காரர் இந்தத் தடவை அரிசிய லேபுக்கு அனுப்பறன்னு சொல்லியிருக்காரு. எதாச்சும் தெரிஞ்சா எல்லார் பொழப்பும் போயிருமுங்க."

"வயலுக்குள்ள ஒரு சொட்டு உளுகல மச்சா. வரப்புல மட்டுந்தான்."

"ஓரத்துப் பயிரு மஞ்சளாக் கெடக்குதே மாப்ள."

அவர் கொஞ்ச நேரம் என் வண்டிக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். "எல்லார் நெல்லும் களத்துக்குப் போறப்ப என்ர நெல்லு மட்டும் ஊட்ல கெடந்தா ஊரு என்ன பேசும்? பாத்துப் போங்க மச்சா. இருட்றதுக்குள்ள ஊடு போய்ச் சேருங்க."

கூட்டம் களத்தில் நடந்தது. ஒவ்வொரு சோதனைக்காரராக எழுந்து சொல்ல வேண்டும். "சுத்தமுங்க." "சுத்தமுங்க." "ரொம்பச் சுத்தமுங்க, அங்க நாலு மீனே பாத்தேன்." கடைமடைக்காரர் எழுந்திருக்கவில்லை. "மச்சான் சொல்லுவாருங்க" என்று என்னைக் கை காட்டிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுசனின் ஒரு வருடத்து வெள்ளாமை அந்தக் குவியலில்தான் சேரவிருந்தது. மற்ற எல்லாருடையதும் அதில்தான். என்னுடையதும்தான். எதிரில் என் மாப்பிள்ளை மடித்த துண்டைத் தொடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுந்து நின்றேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. என் வாய்க்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

"நெல்லு நல்லாத்தான் இருக்குதுங்க," என்றேன். "வரப்புத்தான் மஞ்சத் தேச்சுக் குளிச்சுப்போட்டு நிக்குதுங்க, கல்யாணப் பொண்ணாட்ட."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அவர் எப்போதும் என் பேச்சுக்குச் சிரிப்பவர்தான். பிறகு ஒவ்வொரு முகமாகச் சிரிப்பு நின்றுகொண்டே வந்தது. விவசாயிகளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கடைசியாக நின்றது அவர் சிரிப்பு.

எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிங்க மச்சா. வந்து பாத்ததுக்கு ரொம்பச் சந்தோசமுங்க" என்று கைகூப்பினார். கோபத்தில் இல்லை. அந்தக் கைகூப்பலை விட அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அவர் குழுவில் இருந்து விலக்கப்பட்டார். மறுபடி சேர வேண்டுமானால் முதலிலிருந்து. அவர் கேட்கவில்லை. நெல்லை ஒரு வியாபாரிக்குப் போட்டுவிட்டார்.

இப்போது சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூர்க் கடைக்காரர் அந்த வருடம் அரிசியை லேபுக்கே அனுப்பவில்லை. "சொந்தத் தங்கச்சி மாப்பிள்ளையவே புடிச்சுக் குடுத்தீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. அதுக்கு மேல என்னுங்க டெஸ்ட்டு?" என்றார் போனில். பாராட்டுகிறாராம். நான் அப்போது களத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு ஊசியால் விரலைக் குத்திக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்துத் தங்கச்சி வந்தாள். காலை டவுன் பஸ்ஸில் தனியாக வந்து நேராக மாட்டுக்கொட்டகைக்கு வந்துவிட்டாள். நான் டிரம்மைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"வா சாமி, உக்காரு," என்று கல்லைக் காட்டினேன்.

"உக்கார முடியாது. அவ்வளவு கீழ குனிய முடியாது எனக்கு. டிஸ்க் வெலகியிருக்குதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. சேலத்துல ஸ்கேன் எடுத்தோம். குனிஞ்சு அருவா புடிக்கவே கூடாதாமா." எப்போதும் எனக்கு 'வாங்க போங்க' போடுகிறவள் அன்று அதை எடுத்துவிட்டாள். "ஆளு கேட்டுக் கேட்டுப் பாத்தாரு. ஒருத்தரும் வரல. பொழுதன்னைக்கும் புல்லு. நானு அறுக்கறன்னு எந்திரிச்சேன். அருவாளப் புடுங்கி ஓட்டு மேல வீசிப்போட்டு, போயி வரப்புல அடிச்சுப்போட்டு வந்தாரு. எனக்காவத்தான் அடிச்சாரு."

நான் கலக்குவதை நிறுத்திவிட்டேன்.

"எனக்கு ஏஞ் சாமி சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே? சிரிச்சுப்போட்டு ஏதாச்சும் சொல்லுவே."

குச்சியை எடுத்து மறுபடி டிரம்மைக் கலக்கினேன்.

"இத்தன வருசமா அந்த வரப்ப நாந்தான் அறுத்தேன். நீ வந்து வரப்பப் பாத்தியே, என்னப் பாத்தியா? நெலப்படியில சாஞ்சுக்கிட்டுத்தானே நின்னேன்?"

"எல்லார் நெல்லும் அதுல இருந்துதே சாமி. கடைமடைக்காரரு..."

"அவுரும் வந்துதானே பாத்தாரு? அவுரு கொக்குப் பாக்கல? உனக்கு மட்டும் ஏன் கொக்குத் தெரியல?"

காபி குடிக்கச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அவள் வாய்க்கால் பாலத்தில் ஏறி நடந்ததைப் பார்த்தேன். இடது கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு நடந்தாள். இப்போதுதான் தெரிகிறது, அவள் பல மாதமாக அப்படித்தான் நடந்திருக்கிறாள்.

நான் செய்தது தப்பு என்று இன்னமும் எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை அதிகம் கடிக்கிறது. தப்பென்றால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். விழுவதற்கு வெட்கப்படுகிற ஆளில்லை நான். சரியைச் செய்துவிட்டு யார் காலில் விழுவது?

ஊர் என்னிடம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. மருந்தை எப்போது அடிக்கவேண்டும் என்ற பாடம். சோதனைக்குப் போன் வருவதற்கு வெகு முன்பே அடித்துவிட்டால், நாங்கள் போய் நிற்பதற்குள் வரப்பில் புதுப்புல் துளிர்த்துவிடும். பசேலென்று இருக்கும். என்னைச் சோதனைக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். "நீங்க எதுக்குங்க வெயில்ல? நீங்க பெரிய மனுசன், மேடையில பேசுங்க, அது போதும்" என்றார் கடைமடைக்காரர். அவர் சொன்னதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரே ஒரு நாள் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரைச் சுழற்றிக்கொண்டே, "நீங்க சொன்னதால என்ர நெல்லு தப்பிச்சுது, அது நெசம். ஆனா உங்க கூடச் சம்பந்தம் பண்ணப் பயமா இருக்குதுங்" என்றார். என் மகனுக்கு அவர் அண்ணன் மகளைப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது.

அடுத்த தை மாதம், அதே டீக்கடையில்தான் அவர் வாயிலிருந்து சேதி வந்தது.

"மருமவ பெரிய மனுசி ஆயிட்டாளாமே! தாய்மாமன் சீரெல்லாம் தயாராயிருச்சுங்களா?"

எனக்குச் சேதி வரவில்லை. ஊரே டீ குடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. "அதுக்குத்தானுங்க அலையறேன், பட்டு வெல என்னமா ஏறிக் கெடக்குது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, டீயை வைத்துவிட்டு வந்தேன். பொய் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று நேராக எடப்பாடிக்குப் போய் நிஜமாகவே ஒரு பட்டுப் பாவாடையும் தாவணியும் எடுத்துவிட்டேன். என் மனைவி அதை வாங்கித் தட்டில் வைத்தாள். தேங்காய், பழம், வெல்லம், எங்கள் தூயமல்லி அரிசி ஒரு படி என்று தட்டு ஒவ்வொன்றாக நிறைந்தது. தட்டுகள் கூடத்தில் வரிசையாக நின்றன. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பால்காரர் வந்தார். கேஸ்காரர் வந்தார். கேஸ்காரர் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "விசேசமுங்களா?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான் எடுத்து வெச்சிருக்கறோம், சிலிண்டர் சீக்கிரம் குடுத்தீங்கல்ல" என்றேன்.

கடைசியில் தங்கச்சி போன் பண்ணினாள். எனக்கல்ல, என் மனைவிக்கு. அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். போனை ஸ்பீக்கரில் போட்டாள் என் மனைவி.

"நங்கை, ஞாயித்துக்கெழமை சீரு வெச்சிருக்குதுங்க. நீங்க வாங்க. அவுங்க வேண்டாமுங்க. பெரியப்பா மவன் வந்து மாலை எடுத்துக் குடுக்கறன்னு சொல்லியிருக்காரு."

பெரியப்பா மகன் என்றால் என் பங்காளி. எங்கள் இரண்டு பேர் வயலுக்கும் நடுவே வரப்பு எங்கே என்ற தகராறு இன்னமும் முடியாதவன். என் தங்கச்சிக்கு அவனும் அண்ணன் முறைதான். சடங்குக்குத் தாய்மாமன் வேண்டும். அது நான்தான் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

"நானும் போகல," என்றாள் என் மனைவி, போனை வைத்துவிட்டு.

"போயிட்டு வா. புள்ளை என்ன பண்ணுச்சு பாவம்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தட்டுகளை எடுத்துக்கொள்ளாமல், பட்டுப் பாவாடை தாவணியை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். வரப்பில் இடுப்பளவு புல் நின்றது. ஆள் கிடைக்கவில்லை. தங்கச்சி எத்தனை வருடம் இப்படி அறுத்தாளோ, மத்தியானம் ஆவதற்குள் எனக்கு இடுப்பு இற்றுப்போனது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. காது மந்தமானவனுக்குக்கூடக் கேட்கும் அளவு அடித்தார்கள்.

சாயங்காலம் என் மனைவி வயலுக்கே வந்துவிட்டாள். வரப்பில் உட்கார்ந்து கால்விரல் மிஞ்சிக்குள் நுழைந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"என்ன அரிசி பொங்குனாங்க?"

"கடை அரிசி. பொலபொலன்னு வெள்ளையா இருந்துச்சு. நானு ரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவன் மாலை எடுத்துக் குடுத்தானா?"

"குடுத்தாரு. குடுத்துப்போட்டு ஓரமாப் போயி நின்னுக்கிட்டாரு. மாமன் மொறையில நிக்க அவருக்கும் கூச்சமாத்தான் இருந்திருக்கும்."

"உன்ர நாத்தனா?"

"நாற்காலியில உக்காந்திருந்தா. நின்னா வலிக்குதாமா. பாவாடைய வாங்கிக்கிட்டா. உள்ள எடுத்து வெச்சுப்போட்டா. உடுத்தியுடல."

நான் அரிவாளால் புல்லை இழுத்து அறுத்தேன். இரண்டு பிடி அறுத்த பிறகு, பிள்ளை ஏதாவது கேட்டதா என்று கேட்டேன்.

"கேட்டா." முள் வந்துவிட்டது. அவள் அதைச் சுண்டி எறிந்தாள். "பந்தல்ல எல்லாரும் இருக்கறப்பவே கேட்டா. 'மாமா வயலுக்குப் போயிருக்காங்களா அத்தை?'ன்னு. நானு என்னத்தச் சொல்றது? ஆமாஞ் சாமி, புல்லு நெறையாக் கெடக்குது, ஆளு இல்லைன்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

அதில் பொய் எதுவும் இல்லை.

அவள் எழுந்து, விசேசத்துக்குக் கட்டிய சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, "அந்த அருவாளக் குடுங்க, நீங்க அறுக்கற அழகுக்கு விடிஞ்சே போயிரும்" என்று கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.